இரண்டு ரப்பர் கண்கள்

அந்த இயந்திரத்தின் முன் முதல் தடவை உட்காருகிறவர்கள் எல்லோரும் பின்னால் துள்ளுவார்கள். முகவாயைத் தாங்கியில் வைத்து, உள்ளே தெரியும் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கண்ணில் பொசுக்கென்று காற்று அடித்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். வலி கிடையாது. காற்று பட்டதும் கருவிழி எவ்வளவு சீக்கிரம் தட்டையாகிறது என்பதை வைத்து, கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை இயந்திரம் சொல்லிவிடும். இருபத்தொன்று வரை பயமில்லை. அதற்கு மேல் போனால் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். செத்த நரம்பு திரும்பாது.

என் வேலை கண்ணை அளப்பதல்ல, அந்தக் காற்றை அளப்பது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கண்ணாடிக் கடைகளுக்குப் போய், காற்று சரியாக அடிக்கிறதா, எண் சரியாக வருகிறதா என்று பார்ப்பேன். என் பெட்டியில் இரண்டு ரப்பர் கண்கள் உண்டு. மெத்தென்று இருப்பது பத்து காட்ட வேண்டும். கெட்டியானது முப்பது காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சர்வீஸ் எண்ணைத் தட்டி உள்ளே போய், இதுதான் பத்து, இதுதான் முப்பது என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுப்பேன். நான் சொல்வதை அது நம்பும்.

எனக்குப் பிடித்த வேலை. பச்சைப் புள்ளியைப் பார்க்கிறவர் மூச்சை அடக்கிக்கொள்வார். காற்று அடிப்பதற்கு முன் ஒரு சின்ன மௌனம் வரும். அதற்குள் எவ்வளவோ யோசிக்கலாம்.

நீங்கள் லிங்கசாமியைப் பற்றித்தான் கேட்டீர்கள். சொல்கிறேன்.

பதினோரு வருடத்துக்கு முன் நான் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். லிங்கசாமி அங்கே துணி செக்கிங். விளக்குப் பலகை மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பொத்தல், ஒரு எண்ணெய்க்கறை அவர் கண்ணுக்குத் தப்பாது. ஒருநாள் என் மிஷினில் மூன்று ஊசிகள் உடைந்திருந்தன. நான் கவனிக்கவில்லை. கையில் புத்தகம் இருந்தது. துணி முழுக்க நீளநீளமாகக் கோடு விழுந்துவிட்டது. ஷிப்டு மாறுகிற நேரத்தில் அவர் அதை இரண்டு கையாலும் விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

"ஏனுங்க, எல்லாரும் இங்க வந்து பாருங்க. நம்ம வேலு துணி ஓட்டலீங்க, மீன் புடிக்கற வலையில்ல ஓட்டியிருக்கறான். நொய்யல் ஆத்துல கொண்டுபோய்ப் போடு வேலு, மீன் இல்லாட்டியும் சாயமாச்சு மாட்டும்."

அறுபது பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, என் தோளில் கை போட்டுக் கூட்டிப் போய் டீ வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து எனக்கு வலை என்று பெயர். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் மாமன், "வலைங்கறது நீங்கதானுங்களா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். நான் வேலையை விட்டேன். டிப்ளமோ படித்து இந்தத் தொழிலுக்கு வந்தேன். லிங்கசாமி தான் சொன்னதை மறுநாளே மறந்துவிட்டார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் மறந்திருக்க வேண்டாம்.

மூன்று வருடத்துக்கு முன் அவரே என்னைத் தேடி வந்தார். அவருடைய தாயார் பழனாயிக்கு இந்த அழுத்தத்தால்தான் பார்வை போனது. பிள்ளைகளுக்கும் வரக்கூடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"என்ற கண்ணுதான் வேலு எனக்குச் சோறு. எங்கம்மாளாட்டம் ஆயிப்போச்சுன்னா என்னப்பா பண்றது?"

ஹிதாயத்துல்லா பாயின் கண்ணாடிக் கடைக்கு வரச் சொன்னேன். அன்று அங்கே எனக்குச் சர்வீஸ். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். நானே லிங்கசாமியை உட்காரவைத்தேன். காற்று அடித்ததும் துள்ளினார். "ஏப்பா, இது மிஷின்ல ஒட்டுன பஞ்ச ஏர் கன்னுல ஊதறாப்பல இருக்குது" என்று சிரித்தார். இரண்டு கண்ணிலும் இருபத்தெட்டு.

"எத்தன வந்துச்சு?"

"பதினேழுங்கண்ணா. நல்லா இருக்குது."

யோசித்துச் சொன்னதல்ல. வாய் சொல்லிவிட்டது. அவர் கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சொன்னதைக் காப்பாற்ற வேண்டுமல்லவா? ஆறு மாதம் கழித்து வந்தால் இயந்திரம் இருபத்தெட்டு என்று சொல்லிவிடும். எல்லா எண்ணிலும் பத்தைக் குறைத்தால் நல்ல கண்ணுக்கு ஐந்து என்று வரும். பாய்க்குச் சந்தேகம் வந்துவிடும். அதனால் மெத்தென்ற ரப்பர் கண்ணைத் தொடவில்லை. அது பத்து, சரி. கெட்டிக் கண்ணை வைத்து, இதுதான் பதினெட்டு என்று சொல்லிக்கொடுத்தேன். அப்படிச் செய்தால் நல்ல கண்ணுக்கு இயந்திரம் ஏறக்குறைய உண்மையே சொல்லும். நோய் எவ்வளவு முற்றுகிறதோ அந்த அளவுக்குப் பொய் சொல்லும். நான் செய்த வேலைகளில் சுத்தமான வேலை அது.

பாய் கடையில் ஒரு ஒழுங்கு உண்டு. இருபத்தொன்றைத் தாண்டினால், "கோயமுத்தூர் கண்ணாஸ்பத்திரிக்குப் போயிக் காட்டிருங்க" என்று சீட்டில் வட்டம் போட்டுக் கொடுப்பார். லிங்கசாமியின் சீட்டில் ஒருநாளும் வட்டம் விழவில்லை. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, கடைசியில் இருபது. அதற்கு உண்மையான எண் முப்பத்தைந்து என்று நான் மட்டும் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொள்வேன்.

இந்த நோய் ஓரத்திலிருந்து தின்னும். நேர்ப்பார்வை கடைசியில்தான் போகும். முதலில் துணியின் இரண்டு கரையிலும் இருந்த பொத்தல்கள் அவருக்குத் தெரியாமல் போயின. ஒரு எக்ஸ்போர்ட் ஆர்டர் திரும்பி வந்தது. அவரைப் பண்டல் கட்ட அனுப்பினார்கள். பிறகு கதவு நிலையில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். அவர் மனைவி முத்தாத்தாள் என்னிடம் வந்து கேட்டாள்.

"தம்பி, கோயமுத்தூருக்கு ஒருக்காக் கூட்டிட்டுப் போலாமுங்களா?"

"எதுக்குங்கக்கா வீணா அலைச்சல். அழுத்தம் நல்லாத்தான் இருக்குது. கண்ணாடிய மாத்துனாப் போதுமுங்க."

கண்ணாடியை நானே வாங்கிக் கொடுத்தேன். தங்க நிற பிரேம்.

இப்போது அவருக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிகிறது. ஞாயிறுதோறும் அவர் வீட்டுக்குப் போவேன். வேறு யாரும் வருவதில்லை. செய்தித்தாள் வாசித்துக் காட்டுவேன். ஒருநாள் ஊசிக்கோடு விழுந்த ஒரு துண்டுத் துணியைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன்.

"துணி எப்படி இருக்குதுங்கண்ணா?"

முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு விரலால் தடவினார். கரையிலிருந்து கரைவரை, திரும்பவும். நான் அவசரப்படுத்தவில்லை.

"நல்ல துணி வேலு" என்றார். பிறகு அழுதார். நான் தண்ணீர் கொடுத்தேன்.

என்னை மூர்க்கன் என்று நினைக்க வேண்டாம். பதினோரு வருடத்தில் ஒரு வார்த்தை அவரிடம் உரக்கப் பேசியதில்லை. பாய் மேலும் தப்பில்லை. "நான் ஒரு பட்டனும் தொடலீங்க சார்" என்று உங்களிடம் அழுதாராமே, அது நிஜம். புதிதாக வந்த டெக்னீஷியன் இயந்திரத்தின் உள்பதிவில் பார்த்த சர்வீஸ் எண் என்னுடையதுதான்.

ஆனால் இந்த வேன் டிரைவர் சோணைமுத்து விஷயத்தை எதற்கு இதில் சேர்க்கிறீர்கள் என்று புரியவில்லை. சேவூர் ரோட்டில் பக்கவாட்டில் வந்த வண்டி அவன் கண்ணுக்குத் தெரியாமல் போனது, அதில் வந்த பெண்ணும் குழந்தையும் இறந்தது, எல்லாம் வருத்தமான விஷயம். அவன் சட்டைப் பையில் பாய் கடைச் சீட்டு இருந்தது என்கிறீர்கள். பதினெட்டு என்று இருந்ததாம். இருக்கலாம். மேசைமேல் ஒரு பட்டியலும் வைத்திருக்கிறீர்கள். நாற்பத்து மூன்று பெயர். கட்டிங் மாஸ்டர், டெய்லர், டீக்கடைக்காரர், பள்ளிக்கூட ஆயா. கோயமுத்தூரில் பரிசோதித்ததில் எல்லோருக்கும் ஓரப்பார்வை போய்விட்டது என்கிறீர்கள். மூன்று வருடமாக அந்த இயந்திரத்தில் முகம் வைத்தவர்கள்.

இருமுறை படித்துப் பார்த்துவிட்டேன். இவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. இவர்கள் யாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. இவர்களுக்குக் கெடுதல் செய்ய எனக்கு என்ன காரணம் இருக்கிறது? நான் ஒரு ஆளுக்குத்தான் செய்தேன், அதை ஒப்புக்கொள்கிறேன். வாக்குமூலத்தில் ஒருவர் என்று திருத்திக் கொடுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.