சாட்சியில்லாமல் சொன்ன ‘இல்லை’

அவைக்குத் தலைமை ஏற்று, என் பெயரை அழைக்கும் முன்பே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்ட பெருமதிப்பிற்குரிய வரதராஜுலு ஐயா அவர்களே! மைக்ரோஸ்கோப்பில் குனிந்து குனிந்தே கழுத்து வலி கண்ட மூத்தோர்களே! விடியலில் பிள்ளைகளுக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டுப் பகலெல்லாம் பார்மலின் வாடையில் நிற்கும் தாய்மார்களே! துடியலூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் பஸ் பிடித்து இந்தக் கோவை மாநகருக்கு வந்திருக்கும் ஆய்வகத் தோழர்களே, உங்கள் குடும்பத்தாரே! ரங்கநாயகி கைகூப்பி நிற்கிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு ‘திசுக்களுக்குச் சாயமேற்றுவதில் புதிய நுட்பங்கள்’. தந்த நேரம் பத்து நிமிடம். நுட்பத்தை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். இன்று நான் கோபத்தோடு வந்திருக்கிறேன். பத்தொன்பது வருடமாக ஒரே ஆய்வகத்தில் திசு வெட்டிச் சாயமேற்றுகிறவள் நான். இந்தக் கோபத்தில் முதல் பங்கு எனக்கே உரியது.

போன வருடம், தொண்ணூற்றேழில், ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. வியாழன் மாலையே ஆய்வகத்தைக் கழுவித் துடைத்தோம். திசு வெட்டும் கத்திக்குப் பொட்டு, மைக்ரோஸ்கோப்புக்குப் பொட்டு, ஃபிரிட்ஜுக்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. சிரிக்கிறீர்களா? உங்கள் ஃபிரிட்ஜுக்கும் அதே மாலைதானே போட்டீர்கள்! துடைப்பதற்காகப் பிளக்கைப் பிடுங்கினோம். பிடுங்கியதை மாட்ட மறந்தோம். மாலை போட்ட கைகளுக்கு மின்சாரம் போடத் தோன்றவில்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு! மூன்று நாள், பூட்டிய அறையின் புழுக்கத்தில், ஃபிரிட்ஜுக்குள் கலக்கி வைத்த, திசுவில் சாயம் பிடிக்க வைக்கும் ஆன்டிபாடி மருந்து கெட்டுக் கிடந்தது. திங்கள் விடிந்ததும் யாரோ பிளக்கை மாட்டிவிட்டார்கள். ஒன்பது மணிக்கு நான் கதவைத் திறந்தபோது உள்ளே ஜில்லென்றிருந்தது. எனக்கு எப்படித் தெரியும்? எவருக்குத்தான் தெரியும்? தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழி இருந்தது. அதை நான் செய்யவில்லை.

அன்று என் மேசைக்கு வந்தது பவானி ஊர்க் காளியாத்தாளின் திசு. பெயரைச் சொல்லலாம் என்று அவரே அனுமதி தந்திருக்கிறார். நாற்பத்தெட்டு வயது. ஜமக்காள நூலுக்குச் சாயம் போடுகிறவர். மார்பிலிருந்து கட்டியை எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. குடும்பத்தோடு வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்தக் கட்டியின் செல்கள் எங்கள் சோதனையில் பழுப்பாக மாறினால், தினம் ஒரு மாத்திரை உண்டு, நோய் திரும்பி வராமல் காக்க அது துணை நிற்கும். நீலமாகவே நின்றால் அந்த மாத்திரை இல்லை. ஒரு பெண்ணின் உயிர் அந்த நிறத்தில் தொங்குகிறது!

அந்த நிறத்தை எப்படி நம்புவது? கட்டாயம் பழுப்பாகும் என்று முன்பே தெரிந்த வேறொரு திசுவையும் கூடவே சாயமேற்ற வேண்டும். அதுதான் கன்ட்ரோல். அதுதான் சாட்சி. சாட்சியே நீலமாக நின்றால் அன்றைய விடை எதுவும் செல்லாது. நாங்கள் வைத்தோமா? மாதம் ஒருமுறை வைத்தோம்! ‘மருந்து கடல் கடந்து வருகிறது, சொட்டுக்கூட வீணாக்காதே’ என்றார்கள். நானும் தலையாட்டினேன். காளியாத்தாளின் ஸ்லைடு நீலமாக வந்தது. ‘இல்லை’ என்று அறிக்கை போனது.

புதன்கிழமை அதை வாங்க அவரே வந்தார்.

“ஏனுங் அம்மணி, எனக்கு மாத்திர உண்டுங்களா?”

“இல்லீங்க. உங்க கட்டியில சாயம் ஏறலீங்க.”

அவர் அழவில்லை. என் மேசை மேலிருந்த புட்டிகளை எட்டிப் பார்த்தார்.

“ஏறலீன்னா நூலு சரியில்லையா, தொட்டி சரியில்லையான்னு எப்படிங்க கண்டுபுடிப்பீங்க? நாங்க தொட்டி கலக்குனா, முந்தி நல்லா ஏறுன கட்டுல மிச்சம் வெச்ச வெள்ள நூலு ஒரு துண்டு கூடச் சேத்து முக்குவமுங்க. அதுவும் ஏறாட்டித் தொட்டியக் கொட்டிப்போட்டு மறுக்காக் கலக்குவமுங்க. நீங்க துண்டு போட்டீங்களா?”

துண்டு போட்டீர்களா? அவையோரே, பட்டம் பெற்றவர்கள் கேட்டார்களா இந்தக் கேள்வியை? பதவியில் இருப்பவர்கள் கேட்டார்களா? பத்தொன்பது வருடம் சாயமேற்றிய நான் கேட்டேனா?

அவரை உட்காரச் சொல்லிவிட்டு ஸ்லைடை மறுபடி பார்த்தேன். கட்டியின் ஓரத்தில் நோயில்லாத நல்ல திசு கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுப்பு தெரிந்திருக்க வேண்டும். அதுவும் நீலம்! முதல் நாளே கண் முன்னால் இருந்தது. நானும் பார்த்தேன், கையெழுத்துப் போட்ட டாக்டரும் பார்த்தார். இருவரும் கட்டியை மட்டுமே பார்த்தோம்.

எங்கள் அட்டெண்டர் தம்பிதுரை அண்ணனைக் கேட்டேன். “தொடைக்கறப்பப் புடுங்குனதுங்க அம்மணி. திங்கக்கெழம காத்தால பாத்து மாட்டிப்போட்டேன். சொல்லோணும்னு தெரியலீங்களே” என்றார். அவரையா குற்றம் சொல்வது? அந்தப் பெட்டிக்குள் யார் உயிர் இருக்கிறது என்று அவருக்கு நாங்கள் எவராவது சொன்னோமா?

புது மருந்து கலக்கினேன். கூடவே கன்ட்ரோல் வைத்தேன். கன்ட்ரோல் பழுப்பு. காளியாத்தாளும் பழுப்பு! ‘கையெழுத்தான அறிக்கையைத் திருத்தினால் நம் பெயர் என்னாகும்?’ என்று கேட்டார் எங்கள் மேலாளர். பெயராம் பெயர்! உயிரைவிடப் பெரிய பெயர் எது ஐயா? இரண்டு ஸ்லைடையும் டாக்டர் மேசையில் வைத்தேன். அவர் பார்த்தார், பழைய அறிக்கையைக் கிழித்தார், புதிதாக எழுதினார். காளியாத்தாளுக்கு மாத்திரை கிடைத்தது.

கை தட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள். அந்தப் புட்டியிலிருந்து அன்று சாயமேற்றியது ஏழு பேருக்கு. ஏழு பேருக்கும் ‘இல்லை’. எடுத்து வைத்திருந்த திசுக்களை மறுபடி வெட்டினேன், நான்கு பழுப்பாயின. காளியாத்தாள் ஒருவர். இன்னும் இருவரைத் தேடிப் பிடித்தோம். நான்காமவர் வால்பாறையில் தேயிலை பறிக்கும் ஓர் அம்மா. கடிதம் திரும்பி வந்தது. மலைப் பஸ் ஏறி நானே போனேன். அவர் இருந்த தோட்டத்து லைன் வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது. ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று எவருக்கும் தெரியவில்லை. அவர் கையில் என்னுடைய ‘இல்லை’ இருக்கிறது.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார், நேரம் முடிந்ததாம். முடிக்கிறேன் ஐயா. பின்வரிசையில் ஒரு தோழர் என்ன சொல்கிறார்? ‘தெனமும் கன்ட்ரோல் வெச்சா மருந்து தீந்துபோகுமுங்க’ என்கிறார். தீரட்டும்! மருந்து தீர்ந்தால் மருந்து தீர்ந்தது என்று எழுதுங்கள். நோயாளியின் தலையில் ‘இல்லை’ என்று எழுதாதீர்கள்! சாட்சி வைக்காத ஸ்லைடைத் தொடமாட்டேன் என்று சொல்லுங்கள். சொல்லத் துணிவில்லாதவர் இந்த வேலையை விட்டுவிடுங்கள்.

கன்ட்ரோலுக்குத் திசு எங்கே கிடைக்கும் என்பீர்கள். நான் காளியாத்தாளிடமே கேட்டேன்: உங்கள் கட்டியில் மிச்சமிருப்பதை மற்றவர்களுடைய திசுவோடு சேர்த்து வைக்கட்டுமா?

“அப்ப அந்தத் துண்டு நூலு நாந்தானுங்களா? வெச்சுக்குங்க அம்மணி. ஆருக்கும் இனித் தப்பாச் சொல்லிப்போடாதீங்க.”

இதோ, நேற்று நான் சாயமேற்றிய ஸ்லைடு. மேலே இருப்பது காளியாத்தாள், பழுப்பு. அவர் பழுப்பாக இருப்பதால்தான் கீழே இருக்கும் பெண்ணுக்கு நான் சொல்லும் விடையை நம்புகிறேன்.

பத்து நிமிடத்தை இருபதாக்கியதைப் பொறுத்த தலைவருக்கும், என் கோபத்தைத் தாங்கிய உங்களுக்கும் என் நன்றி. ஒரே ஒரு வேண்டுகோள். வால்பாறை எஸ்டேட்டுகளில் உறவு உள்ளவர்கள், வீட்டுக்குப் போகுமுன் என்னை வந்து பாருங்கள். அந்த அம்மாவின் பெயர் எழுதிய தாள் என் பையில் இருக்கிறது. வாசலில் காத்திருக்கிறேன். வணக்கம்.