அங்கன்வாடிக் கூரை விரிசல்

இல்ல இஞ்சினியர் சார், அது வெயிலால வந்த விரிசல் இல்ல. வெயில் மேல பழி போடுறது சுலபம், அது வந்து மறுத்துப் பேசாது பாருங்க. ஆதோனியில இந்த வருஷந்தான் புதுசா வெயில் அடிக்குதா?

நான் முப்பது வருஷம் சித்தாள் வேல பாத்தவ. இந்த அங்கன்வாடிக்குக் கூரை போட்ட அன்னைக்கும் சட்டி தூக்குனேன். விடிகாலையில முடிக்க வேண்டிய கான்கிரீட்டு. தேங்கா ஒடைக்கத் தலைவர் வரணுமாம். காண்ட்ராக்டரு, பெரிய தொரையில்ல, பொரியில செஞ்ச உக்கானியும் மொளகா பஜ்ஜியும் தின்னுக்கிட்டு உக்காந்திருந்தாரு. இதோ வந்துட்டாருன்னு போன் வந்ததும் கலவையக் கலக்கியாச்சு. அவரு வந்து எறங்குனப்ப மணி பன்னெண்டு. கலவை இறுகிக் கெடக்கு. தொரை என்ன பண்ணாரு? பக்கெட் பக்கெட்டாத் தண்ணிய ஊத்துனாரு. அது கான்கிரீட்டா சார்? பந்தியில ஊத்துற ரசம்!

சாயங்காலமே மேல முடி முடியாக் கீறல். சிமெண்டுத் தூளத் தூவித் தேச்சாரு, மூஞ்சிக்குப் பவுடர் போடுற மாதிரி.

அப்புறம் நனைக்கலையான்னா? பாத்தி கட்டிப் பத்து நாளாவது தண்ணி தேக்கணும்ல. ரெண்டே நாள். மூணாம் நாள் டேங்கர நிறுத்திட்டாரு. கேட்டேன். கூரைக்கு என்ன தாகமா எடுக்குதுன்னு சிரிப்பு வேற. ஆறாம் நாள் அடி முட்டெல்லாம் உருவி, அடுத்த வேலைக்கு லாரியில ஏத்தியாச்சு. கூரை அதுக்குள்ள தன்னால நிக்குமா? நடுவுல பாருங்க, இந்தச் செவுத்துலேருந்து அந்தச் செவுரு வரைக்கும். தீக்குச்சி உள்ள போவுது.

பூசிட்டாப் போதுமா? அடேயப்பா, நல்ல படிப்பு படிச்சிருக்கீங்க. உங்க புள்ளைய இதுக்கடியில தூங்க வப்பீங்களா? இங்க பத்தொம்போது புள்ளைங்க மத்தியானம் பாய் விரிச்சுப் படுக்குது. போன வாரம் காரை பேந்து, முட்ட தின்னுக்கிட்டிருந்த ஒரு புள்ள தட்டுல விழுந்துச்சு. அரை சாண் தள்ளியிருந்தா மண்ட. அன்னைக்கே ஆளப் புடிச்சு மனு எழுதச் சொல்லி, கைநாட்டு வச்சு அனுப்புனேன். ஆமா, நான்தான். வேற எவன் அனுப்புவான், எல்லாருக்கும் தொரை வேண்டப்பட்டவரு.

காண்ட்ராக்டர் பேரா? மத்திலேட்டி. அப்பன் பேரு சுங்கண்ணா, அவரு செத்துட்டாரு. அம்மா பேரு லிங்கம்மா.

என்ன, பேனா நின்னுபோச்சு? மனுவுல இருக்குற அதே லிங்கம்மாதான். நான் பெத்ததுதான் சார். எழுதுங்க.