கருங்கொடித் தோட்டத்துக்கு வந்த ஒத்த ஆளு

...ஒரே ஒரு மலையாம், அந்த மலையில ஒரே ஒரு கொடியாம், அந்தக் கொடிக்கு ரொம்பக் காலமா ஆளே இல்லையாம். சிரிக்காதீக சார், இப்பிடித்தான் ஆரம்பிக்கணும்னு கம்பெனியில சொல்லிக் குடுத்திருக்காக. ஒங்களுக்கு முன்னாடி வந்த பெங்களூர்க் குடும்பம் இதுக்குக் கை தட்டுச்சு. நீங்க பிந்தி வந்ததால மறுபடியும் மொதல்லருந்து. ஒத்த ஆளா இருந்தாலும் நான் சொல்லித்தான் ஆகணும்.

என் பேரு சகாயராணி. வாரவுகளுக்குச் சுத்திக் காட்டுறது என் சோலி. கொடியப் பாத்துக்கிறது எங்க வீட்டுக்காரரு ஸ்தனிஸ்லாஸ். இங்க எல்லாம் அவரு வச்சதுதான் சட்டம். மொதலாளி மெட்ராஸ்ல இருக்காரு. எப்பவாச்சும் வருவாரு, கொடிக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுப்பாரு, போயிருவாரு.

இதுதான் கருங்கொடி. கீழ நீங்க திங்கிற பன்னீர்த் திராட்சை இல்ல இது. எந்த நாட்டுலருந்தும் வரல, இந்த மலையில தானா மொளச்சது. மேல கறுப்பு, கடிச்சா உள்ள ரத்தமா இருக்கும். அறுப்பு சமயத்துல பாக்கணுமே, ஆளுக அம்புட்டுப் பேருக்கும் முழங்கை வரைக்கும் செவப்பு. கெடா அறுத்துட்டு வந்த மாதிரி நிப்பாக. சோப்பு போட்டாலும் லேசுல போகாது.

இந்தக் கொடிக்கு எரக்கம் காட்டக்கூடாது சார். போன வருசம் எந்தக் கெளை நல்லாக் காய்ச்சுச்சோ அதத்தான் கவாத்துல மொதல்ல வெட்டணும். பாவம்னு விட்டா வெறும் எலையாப் போயிரும். வெட்டுன எடத்துல தண்ணி வடியும் பாருங்க, சொட்டுச் சொட்டா, நிக்கவே நிக்காது. எங்க வீட்டுக்காரரு அத நின்னு வேடிக்க பாப்பாரு. அதுல ஒரு சந்தோசம் மனுசனுக்கு.

உக்காருங்க, இப்ப ஒயினக் குடிச்சுப் பாக்கணும். பைய அந்தப் பெஞ்சுல வைங்களேன். வேணாமா? சரி, மடியிலயே இருக்கட்டும். கிளாசோட காம்பப் புடிச்சுத் தூக்குங்க. அம்புட்டுத்தான்.

அட.

ஒண்ணுமில்ல சார், குடிங்க. இல்ல, சிரிப்பு வந்துருச்சு. சென்னையில கம்ப்யூட்டர் வேலை, ஒயின்ல ரொம்ப ஆர்வம்னு கேட்ல சொன்னீகளாம். ஒயின் பழகுனவுக கிளாசச் சுத்துவாக, மோந்து பாப்பாக, வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு ஏதாச்சும் ஒளறுவாக. நீங்க ஒத்த வெரல உள்ள விட்டு ரெண்டு சொட்டத் தரையில சுண்டிட்டுல்ல வாயில வச்சீக. எங்கூரு பிராந்திக் கடையில அப்பிடித்தான் சுண்டுவாக. செத்தவுகளுக்கு மொத சொட்டு.

கீழ எந்த ஊரு? செம்பட்டியா? கன்னிவாடியா?

கன்னிவாடி. நெனச்சேன். அந்தச் சேந்த புருவத்த நீ மாத்திக்கிட்டு வர முடியுமா என்ன. நீ இங்க பழம் பறிக்க வந்த மணிமாறன் தம்பிதான?

தெரியாதா. சரி, மணிமாறன்னு ஒருத்தன ஒனக்குத் தெரியவே தெரியாது. அப்ப பேரக் கேட்டதும் கை ஏன்ப்பா பைக்குள்ள போகுது?

கைய எடு. பையிலருந்து கைய எடுன்றேன். நான் கத்தப் போறதில்ல. கத்துனாலும் யாரு வரப்போறா? ஞாயித்துக்கெழம, ஆளுக எல்லாம் பூசைக்குக் கீழ எறங்கிட்டாக. அந்தப் பெங்களூர்க்காரவுக மட்டும் இன்னும் ஜீப்புல ஏறல. சின்னப் புள்ளைக இருக்கு. அதுக போகட்டும், அதுவரைக்கும் இந்தக் கடலையக் கொறி. சுருளிவேலுதான ஒன் பேரு? அவன் சொல்லியிருக்கான். என் தம்பிக்குக் கோவம் வராதுக்கா, வந்தா போகாதும்பான்.

அவரத்தான தேடி வந்த? எங்க வீட்டுக்காரர. மண்டைய ஆட்டாத, வாயத் தொறந்து சொல்லு. ம்ம். சரி.

ஒங்கிட்ட என்ன சொன்னாக? கம்பெனிக் கொடியில குச்சி வெட்டித் திருடுனான், கீழ கொண்டுபோயி நடப் பாத்தான், வெரட்டும்போது பாறையிலருந்து விழுந்துட்டான்னா? போலீசுலயும் அப்பிடித்தான் எழுதி முடிச்சாக. பொணத்தக் குளிப்பாட்டுனது நீதான? விழுந்தவன் மணிக்கட்டுல எதுக்குக் கம்பித் தடம்னு அன்னிக்கே ஒனக்குத் தோணியிருக்கும். அதான் வந்திருக்க.

சொல்றேன். நடுவுல எந்திரிக்காத.

அந்தா தெரியுதுல்ல கல்லுக்காலு, பந்தலத் தாங்குறது, அதுலதான் கட்டுனாரு. பந்தல் கம்பியாலயே. அறுப்பு நாளு. ஆளுக கூடைய இடுப்புல வச்ச மேனிக்கே நின்னாக, ஒருத்தர்கூடக் கீழ எறக்கல. பழப்பெட்டி தூக்குற கட்டை இருக்கும்ல, அதால மொதல்ல முழங்கால்ல போட்டாரு. ஒங்க அண்ணன் அவர அண்ணே அண்ணேன்னு கெஞ்சுனான். அப்புறம் அம்மான்னான். அப்புறம் பேச வாயி இல்ல, பல்லு கொட்டிப்போச்சு. நான் செம்புல தண்ணி கொண்டாந்தேன். செம்பயும் என்னயும் சேத்து ஒரே எத்து. இந்தா, இந்த வெலா இன்னமும் மூச்சு விட்டா குத்தும். எந்திரிச்சுப் போயி குறுக்க விழுந்தேன், முடியப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயி... அது கெடக்கட்டும் விடு. கட்டை ஒடஞ்சு போச்சு. இன்னொண்ணு கொண்டாங்கடான்னாரு. கொண்டாந்து குடுத்தாக. அதத்தான்ப்பா என்னால செமிக்க முடியல. ஓடிப்போயி எடுத்துக் கொண்டாந்து கையில குடுத்தாக.

கடேசி அடி மண்டையில. ஈரச் சாக்கக் கல்லுல அறஞ்ச மாதிரி ஒரு சத்தம், அம்புட்டுத்தான். அவன் தலை தொங்குன பெறகும் அவரு நிறுத்தல. தோளு, நெஞ்சு, தொடைன்னு போட்டுக்கிட்டே இருந்தாரு, கை ஓயுற வரைக்கும். அப்புறம் நாலு பேரு தூக்கிட்டுப் போயி பாறைக்கு அடியில போட்டாக. கல்லுக்கால நான்தான் கழுவுனேன். எது பழச்சாறு, எது அவன்னு தெரியல.

அன்னிக்குப் பறிச்சதையும் வீணாக்கல. பொழுது சாயுறதுக்குள்ள மிதிச்சுப் பீப்பாயில ஊத்திட்டாக. இப்ப ஒன் கையில இருக்கே...

துப்பாத. துப்பாத அப்பு. கீழ வச்சிரு. அதுவும் ஒங்க அண்ணன் பறிச்சதுதான.

குச்சியா? ஒரு குச்சியும் இல்ல. நீ வெவசாயி மகன்தான, யோசிச்சுப் பாரு. நடுறதுக்குக் குச்சி வேணும்னா கவாத்துல வெட்டிப் போட்டது குப்பையாக் கெடக்கும், சும்மாவே அள்ளிட்டுப் போகலாம். அறுப்புல, பழமும் எலையுமா நிக்கிற பச்சக்கொடிய எந்தக் கிறுக்கனாச்சும் திருடுவானா? அவசரத்துல அவரு வாயில வந்த பொய்யி அது. எழுதுனவுகளுக்கு வெவசாயம் தெரியாது, எழுதிக்கிட்டாக.

செத்த இரு. அந்தா ஜீப்பு கெளம்புது. புள்ளைக டாட்டா காட்டுது பாரு, நீயும் கையத் தூக்கு. ம்ம். போயிட்டாக.

அப்ப எதுக்குக் கொன்னாருன்னு கேக்குறியா? எனக்கு ஒரு மக இருக்கா. ரீனா. திண்டுக்கல்ல நர்சுக்குப் படிச்சா. லீவுக்கு வந்தவளுக்கும் ஒங்க அண்ணனுக்கும் பழக்கமாயிருச்சு. எனக்குத் தெரியும், நான் தடுக்கல. ஒங்க சாதி என்ன எங்க சாதி என்ன, ஒங்க சாமி என்ன எங்க சாமி என்னன்னு நான் பாக்கல. அவரு பாத்தாரு.

பொய்யின்னா நெனைக்கிற? ஒங்கம்மா கருப்பம்மாளோட மூக்குத்தியக் காணோம், குடிக்க வித்துட்டான்னு வீடே சேந்து அவன வைஞ்சீகளே. அது என் மக மூக்குல கெடக்கு. வயித்துல அவன் புள்ள. இது எட்டாவது மாசம்.

அழாத. அழுறதுக்கு இப்ப நேரம் இல்ல.

அவன் செத்த அன்னிக்கே அவளக் கீழ அனுப்பிட்டேன். எங்கன்னு இம்புட்டு நாளும் அவருகிட்டச் சொல்லல. சொல்லலன்னு எம்புட்டு வாங்குனேன்னு இந்த ரவிக்கையத் தூக்கிக் காட்டவா முடியும்? முந்தாநாளு எவனோ தாடிக்கொம்புல அவளப் பாத்தேன்னு போன் போட்டுச் சொல்லிட்டான். நேத்துப் பூராம் அருவா தீட்டுனாரு. எதுக்குன்னேன். வெள்ளாடு அறுக்கன்னாரு. எங்ககிட்ட வெள்ளாடே கெடையாது.

நாளைக்குக் காலையில மொதப் பஸ்ஸுக்குக் கெளம்புறாரு. அவளுக்குப் போன் போட்டு ஓடுடின்னேன். எங்க ஓட, நடக்கவே முடியலம்மாங்கிறா. ராத்திரி நானே செய்யலாம்னு அருவாளக் கையில எடுத்தேன். கட்டிலுக்குப் பக்கத்துல நின்னேன். தூக்க முடியல. இந்த வெலாவு விடல. பயம்னும் வச்சுக்கயேன். இருவது வருசத்துக்கு மேல அடி வாங்குன கையி, அதுக்கு அடிக்கத் தெரியல.

காலையில கேட்ல வந்து நின்ன பாரு, ஒத்த ஆளா, பைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு. அப்பவே தெரிஞ்சுபோச்சு எனக்கு. பிந்தி வந்தவர நான் தனியாச் சுத்திக் காட்டுறேன், நீ பூசைக்கு எறங்குய்யான்னு வாச்மேன அனுப்புனதே நான்தான்.

எந்திரி.

மேக்கால போ. பந்தல் முடியுற கடைசி வரிசையில குனிஞ்சு கவாத்து பண்ணிக்கிட்டிருக்கான். அருவாள வீட்டுல வச்சுட்டு வந்திருக்கான், கையில கத்திரிதான். காட்டுமாட்ட வெரட்டக் கொளுத்துன வேட்டு பக்கத்துலயே வெடிச்சு, எடது காது அவனுக்குச் சுத்தமாக் கேக்காது. அதனால எடப்பக்கமாவே போகணும், என்ன? செருப்பக் கழட்டிரு, சருகு கெடக்கும்.

கழட்டிட்டியா. இங்கயே கெடக்கட்டும்.

ஓடாத. நடந்தே போ.