இடது சக்கரத்துச் சுண்ணாம்பு

கார் ஒரு பக்கமாக இழுத்தால் முதலில் சக்கரத்தைக் கழுவ வேண்டும். எங்கள் பக்கத்துக் கரிசல் மண் மழைக்குப் பிறகு சக்கரத்தின் உட்புறம் அப்பிக் காய்ந்து வண்டியையே திருகும். கழுவியும் இழுத்தால் டயரில் காற்றுப் பார்க்கலாம். அதுவும் சரியென்றால் முன்டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு, இழுப்பும் பக்கம் மாறுகிறதா என்று கவனிக்கலாம். 1998 ஐப்பசியில் என் அம்பாசடருக்கு இவ்வளவையும் நானே செய்தேன். பயனில்லை. பிரேக்கை மிதித்தால் வண்டி வலப்பக்கம் பாய்ந்தது.

கோவில்பட்டியில் ஷெட் வைத்திருந்த கடற்கரை என்ற மெக்கானிக்கை வரச் சொன்னேன். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து முன்சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தான்.

“வலது கொதிக்குது. இடது பச்சத்தண்ணி மாதிரி கிடக்கு. இடதுல பிரேக்கே பிடிக்கலை அண்ணாச்சி. ஒத்தக் கயித்த மட்டும் இழுத்தா மாடு அந்தப் பக்கந்தானே திரும்பும்?”

இடது சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாயின் நட்டில் கசிவு. புது நட்டுப் போட்டு இறுக்கினான். கடற்கரை ஓயாமல் வெற்றிலை போடுகிறவன். ஒரு நட்டை இறுக்கி முடித்ததும் விரலில் சுண்ணாம்பு எடுத்து அதன் தலையில் பொட்டு வைப்பான். பொட்டு இருந்தால் அவன் இறுக்கியது, இல்லையென்றால் இறுக்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் அது.

மறுநாள் காலையில் என் மகள் ராதாமணி கணவனோடு வந்தாள்.

அவளுக்கு ஆறு மாதத்துக்கு முன் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் ஆகியிருந்தது. பையன் செல்வகணேஷ், புதியம்புத்தூரில் ரெடிமேட் சட்டை தைக்கிறவன். எங்கள் வீட்டில் பெண் எடுக்கும் குடும்பம் இல்லை. நான் சத்தம் போடவில்லை, ஆள் அனுப்பவில்லை. ஆனால் அந்த வருஷம் அம்மன் கொடைத் திருவிழாவில் எனக்குப் பரிவட்டம் கட்டும்போது பூசாரியின் கை ஒரு கணம் நின்றது. நாலு தலைமுறையாக நிற்காத கை. பிறகுதான் இருவரையும் மறுவீட்டுக்கு அழைத்துக் கடிதம் எழுதினேன். பெரிய மனசு என்று ஊர் சொன்னது. நான் மறுக்கவில்லை.

பையனைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்து வந்திருந்தான். அளவெடுக்காமல், ராதாமணி சொன்னதை வைத்தே தைத்தது. தோள் சரியாக இருந்தது.

“மாப்ளே, கடம்பூர் போயி போளி வாங்கிட்டு வந்திருங்க. வண்டியை நேத்துதான் சரி பண்ணுனது,” என்றேன். கம்பெனி வேன் ஓட்டிப் பழகியவன் என்று எனக்குத் தெரியும்.

“நானும் கூடப் போறேம்ப்பா,” என்றாள் ராதாமணி.

“நீ இரு தாயி. அம்மா படத்துக்கு யாரு மாலை கட்டுவா?”

அவள் இருந்தாள். தகப்பன் பிள்ளையை அப்படித்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடம்பூருக்கு முந்தின வளைவில் குறுக்கே வெள்ளாடுகள் வந்திருக்கின்றன. பிரேக்கை மிதித்திருக்கிறான். வண்டி வலப்பக்கம் பாய்ந்து, எதிரே வந்த பருத்தி லாரிக்கு அடியில் போய்விட்டது. அதுவரை நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. மெதுவாகப் போகிறவனுக்கு அந்த வண்டியால் எந்தக் கெடுதலும் வந்திருக்காது.

கடற்கரை ஓடிவந்து நொறுங்கிய வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்தான். இடது நட்டு தளர்ந்திருந்தது. பொட்டு இல்லை. ரோட்டிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். ஏழைமேல் கேஸ் வேண்டாம் என்று போலீஸில் நானே சொன்னேன். அதற்கும் ஊர் என்னைப் புகழ்ந்தது.

அவன் ஷெட்டை மூடிவிட்டான். இப்போது ஆடு மேய்க்கிறான். வருஷந்தோறும் அதே நாளில் வந்து தெருவில் நிற்பான். நான் வெளியே போய், “மன்னிச்சிட்டேம்லே, போ,” என்பேன். ஏழு வருஷத்தில் ஒருமுறைகூட மறுத்ததில்லை.

இந்த வருஷம் மழை. “நனையாதீங்க, உள்ள வாங்கண்ணே,” என்று ராதாமணி அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டாள். செல்வகணேஷ் போனதிலிருந்து அவள் என்னோடுதான் இருக்கிறாள்.

“ஸ்பேனரைப் பிடிச்சு இறுக்குன ஞாபகம் இந்தக் கையில அப்படியே இருக்கு தாயி,” என்றான் அவளிடம். “ஆனா சுண்ணாம்புப் பொட்டு இல்லையே. பொட்டு இல்லைன்னா நான் இறுக்கலைன்னுதானே அர்த்தம்?”

“வயசாகுதுல்லா, மறதி எல்லாருக்கும் வாரதுதான்,” என்றேன்.

அவன் மறக்கவில்லை. அன்று காலை மகளும் மாப்பிள்ளையும் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் காருக்கு அடியில் படுத்து அந்த நட்டைத் தளர்த்தினேன். பொட்டை என் துண்டின் முனையால் துடைத்தேன். அது இருந்தால் யாராவது கேள்வி கேட்பார்கள்.

கடற்கரை தெரு திரும்பும்வரை ராதாமணி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாசல் கதவை அடைத்தாள். ஜன்னலையும் சாத்தினாள்.

“நீங்க வெத்தலை போட மாட்டீங்க,” என்றாள். “அன்னைக்கு உங்க துண்டு முனையில சுண்ணாம்பு இருந்துச்சுப்பா. நாந்தான் துவைச்சேன்.”

நான் மறுக்கவில்லை. அவள் குரலை உயர்த்தவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்காது. அந்த நேரத்திலும் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேச வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. என் வளர்ப்பு வீண்போகவில்லை.