தண்ணீரின் எடை

ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் மழை ஒழுகும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண், பக்கத்திலிருந்த மூத்தவளிடம் திடீரென்று சொன்னாள்: “எஸ்டேட்ல நாம எடை கூட்ட ரப்பர் பாலுல தண்ணி கலந்தோமேக்கா, எம்மக இப்ப தன் ஒடம்புலேயே கலக்குறா.”

அவள் மடியில் திறக்கப்படாத டிபன் கேரியர் இருந்தது.

“என்ன புள்ள சொல்ற?”

“சாப்புடாமக் கெடந்துதானே ஆஸ்பத்திரியில சேத்தோம்? காலையில நர்ஸ் மிஸ்ஸி தராசுல ஏத்துறதுக்கு முன்னாடி, பைப்புல வாய வச்சு வயிறு முட்டக் குடிச்சிட்டு வந்து நிக்கிறா. எடை ஏறுதுன்னு டாக்டருக்கு சந்தோசம். நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னுட்டாரு.”

“மிஸ்ஸிகிட்ட சொல்லிரு லா.”

“சொன்னா மூக்குல குழாய் விடுவாங்க. ‘காட்டிக் குடுத்துராதம்மா’ன்னு கையப் புடிச்சிக்கிட்டா. வெரலு தீக்குச்சி மாதிரி இருக்கு. சரின்னு தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்.”

வெளியே பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் மழையில் நிரம்பிக்கொண்டிருந்தன.

“அப்பல்லாம் பாலு நிறுக்குற கிராணிய ஏமாத்துறதுல நீதான் கெட்டிக்காரி,” என்றாள் மூத்தவள், சிரிக்க வைக்கப் பார்த்து.

“நாம கலந்தது அரிசி வாங்கக்கா. இவ அரிசி வேணாம்னு கலக்குறா.”

கோப்பெங்கில் எல்லோரும் எழுந்தோம். அவள் மட்டும் எழவில்லை.

“எறங்கு புள்ள, ஊரு வந்திருச்சு.”

அவள் டிபன் கேரியரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்டக்டரைப் பார்த்தாள்.

“அண்ணே, இந்த பஸ்சு திரும்ப எப்ப ஈப்போ போகும்?”