கழுவாத தட்டு

கண்ணுக்கு எட்டாததைக் கண்ணாடி வழியே கண்டவரே! கண்டதையும் கண்டதற்கு இட்ட பெயரையும் ஒருநாளும் ஒன்றெனக் கொள்ளாதவரே! முப்பத்திரண்டு ஆண்டுகள் எங்கள் செல் ஆய்வகத்தின் நுண்ணோக்கி அறையில் அமர்ந்து, பேச்சைவிட மௌனத்தால் எங்களை வழிநடத்தி, இன்று பணி ஓய்வு பெறும் மூத்த ஆய்வாளரே! எங்கள் அன்புக்குரிய அக்கா! வணக்கம்.

உங்களுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் உங்கள் காதுக்கு வரவில்லை என்றே இத்தனை காலம் நம்பியிருந்தோம். ‘எதுவரைக்கும் அக்கா’. வாரக் கூட்டத்தில் யாராவது ‘மாதிரி’ என்று சொல்லிவிட்டால் போதும், உங்கள் தலை நிமிரும்.

“செல்லுங்கிறது ஒரு தொழிற்சாலை மாதிரிக்கா” என்றார் கணினி வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண்.

“சரிம்மா, எதுவரைக்கும்? தொழிலாளிங்க எல்லாம் எங்க உக்காந்து சாப்பிடுறாங்க?”

அறையே சிரித்தது. அந்தப் பெண்ணும் விடவில்லை. “சாப்பாடு கிடக்கட்டும்க்கா. அங்க முதலாளி யாரு?”

சிரிப்பு நின்றுவிட்டது. ஆணையிட ஒருவரும் இல்லாமல், ஒரு துளிக்குள் ஓயாமல் இத்தனை வேலைகள் நடக்கின்றனவே என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. அந்தப் பெண்ணின் மூன்றாண்டு ஆய்வு அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

உவமையை நீங்கள் வெறுத்தவர் அல்லர். தெரியாத ஒன்றை நெருங்க, தெரிந்த ஒன்றின் கையைப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பீர்கள். பிடித்த கையை எங்கே விடுவது என்பதுதான் உங்கள் கவலை. விடத் தெரியாமல் நாங்கள் செய்த பிழையை இந்த அவையில் மறைக்க விரும்பவில்லை.

நாங்கள் வளர்த்த ஈரல் செல்கள் தம்மைச் சுற்றிச் சின்னச் சின்ன மணிகளை வெளியே தள்ளும். யாரோ ஒருவர் அதைக் ‘குப்பை’ என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. செய்முறைத் தாளிலும் ஏறியது: ‘தினமும் மூன்று முறை கழுவிக் குப்பையை நீக்கவும்.’ குப்பை என்றான பிறகு அதை உற்றுப் பார்ப்பார் யார்? செல்கள் நான்காம் நாள் மடிந்தன. செல்கள் வளரும் தட்டுகளைத் தயாரிக்கும், நாங்கள் அண்ணன் என்று அழைக்கும் பணியாளரின் கைபட்டவையோ மூன்றாம் நாளே மடிந்தன. நாங்கள் ஒன்பது பேரும் கூடி, அவர் கையில் சுத்தம் இல்லை, அவரைக் கிடங்குக்கு மாற்ற வேண்டும் என்று எழுதி, கையெழுத்திட்டு, உங்கள் மேசையில் வைத்தோம். பத்தொன்பது ஆண்டுகள் அந்த அறையில் வேலை செய்தவர் அவர்.

அந்தத் தாளைப் படித்துவிட்டு நீங்கள் எழுந்து போய் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, ஒரு பகல் முழுதும் அவர் கழுவுவதைப் பார்த்தீர்கள். மாலையில் கேட்டீர்கள்: “இதைக் குப்பைன்னு யார் சொன்னாங்க?”

“தாள்ல இருக்குதும்மா.”

“தாளை விடுங்க. செல்லு சொல்லிச்சா?”

மறுநாள் ஒரே ஒரு தட்டைக் கழுவ வேண்டாம் என்று அவரிடம் சொன்னீர்கள். நான்காம் நாள் அது உயிரோடு இருந்தது. ஒன்பதாம் நாளும் இருந்தது. எங்களை ஒவ்வொருவராக அழைத்துக் கண்ணாடிக்குள் பார்க்கச் சொன்னீர்கள். வெளியே தள்ளிய மணிகளைச் செல்கள் மெல்ல, மிக மெல்ல, திரும்ப உள்ளே வாங்கிக்கொண்டிருந்தன. நாங்கள் இத்தனை காலம் கொட்டிக் கழுவியது அவற்றின் உணவை. எங்கள் எல்லோரையும்விடச் சுத்தமாகக் கழுவியவர் அண்ணன். ஆகவேதான் அவர் தட்டுகள் முதலில் மடிந்தன. அவருடைய நேர்த்தியைத்தான் நாங்கள் குற்றமென்று எழுதியிருந்தோம். ‘தொழிற்சாலை’ என்ற ஒரு சொல், எட்டிப்பிடிக்க முடியாததை எங்கள் கைக்குக் கொண்டுவந்தது. ‘குப்பை’ என்ற இன்னொரு சொல், கண்ணெதிரே இருந்ததை மறைத்தது. அதை நினைக்கும்போது இன்றும் மெய் சிலிர்க்கிறது.

அண்ணன் அதே அறையில் இருக்கிறார். எங்கள் தாளை நீங்கள் யாருக்கும் அனுப்பவில்லை. எங்களைக் கடிந்துகொள்ளவும் இல்லை. அதையே சாக்காக வைத்துக்கொண்டு நாங்களும் இரண்டு ஆண்டுகள் பேசாமல் இருந்துவிட்டோம். சென்ற வாரம், விடைபெறும் நாளில் உங்களுக்கு என்ன பரிசு வேண்டும் என்று கேட்டோம்.

“எனக்கு என்னப்பா வேணும்? அவர்கிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லிடுங்க. நான் இருக்கும்போதே சொல்லிடுங்க.”

சொல்கிறோம் அக்கா. முன்வரிசையில் உங்கள் அருகில் அமர்ந்திருக்கும் அண்ணனே, உங்கள் கைகளின் மீது நாங்கள் சுமத்திய பழி பொய். எங்களை மன்னியுங்கள். இதைச் சொல்வதற்கு எந்த உவமையும் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

அக்கா, நோயின்றி, தெளிந்த கண்ணோடு, நீங்கள் விரும்பும் நீண்ட அமைதியோடு நெடுநாள் வாழ்க!

என்றும் உங்கள்,
செல் ஆய்வகப் பணியாளர்கள் ஒன்பது பேர்