அறிக்கையில் ஒரு பொய்யும் இல்லை

கல்யாண மண்டபத்துச் சாம்பார் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. கருத்துக் கேட்புக் கூட்டம் அங்கே நடந்த அன்று நான் ஒரு பருக்கைகூடத் தொடவில்லை, கொடுத்த மோரையும் குடிக்கவில்லை, அது குற்றமுள்ள நெஞ்சின் அடையாளம் என்று ஒரு பத்திரிகையில் போட்டிருந்தார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, மேடம். பந்தியில் வாளியைத் தூக்கிக்கொண்டு வருபவரின் கட்டைவிரல் எப்போதும் சாம்பாருக்குள்தான் இருக்கும். அதைப் பார்த்த பிறகு என்னால் சாப்பிட முடியாது. மற்றவர்களால் எப்படி முடிகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்றதற்குச் சம்மதித்தீர்கள். நன்றி. உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் எழுதியதை வாசித்தேன். நான் சிந்தாத கண்ணீரெல்லாம் அதில் இருந்தது.

என் பெயர் தரணீதரன். ஒரு தொழிற்சாலை வருவதற்கு முன் அந்த இடத்தின் காற்று, மண், தண்ணீர் எப்படி இருக்கின்றன என்று அளந்து, ஆலை வந்தால் அவை என்னவாகும் என்று அறிக்கை எழுதுவது என் தொழில். அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் அச்சடித்து ஊராட்சி அலுவலகத்தில் வைப்பார்கள். ஜனங்கள் அதைப் படித்துவிட்டு வந்து கூட்டத்தில் கருத்துச் சொல்ல வேண்டும், அதை வீடியோ எடுத்து மேலே அனுப்ப வேண்டும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். அதில் வந்து உட்காருகிற மனிதர்கள்தான் சகிக்கவில்லை.

முதலில் என் தொழில்காரர்களைச் சொல்கிறேன். ஒருவர் கடலோர மாவட்டத்துக்கு எழுதிய பழைய அறிக்கையை, கடலே இல்லாத நம் பக்கத்து நூற்பாலை ஒன்றுக்கு அப்படியே நகலெடுத்து, கடல் ஆமைகளுக்குப் பாதிப்பு வராது என்று எழுதிக் கொடுத்தார். அனுமதியும் வாங்கிவிட்டார். இன்னொருவர் காரைவிட்டு இறங்காமலே மண் மாதிரி எடுப்பவர். இவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டி வரும்போதெல்லாம் எனக்குக் குமட்டும். இத்தனை வருடத்தில் நான் ஒரு எண்ணைக்கூடக் கற்பனையாக எழுதியதில்லை. இதை யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் கழிவு நீரைச் சுத்தம் செய்த பிறகு ஒரு சேறு மிஞ்சும். அதை எங்கே போடுவது என்று யாருக்கும் தெரியாது. பட்டறைக்குப் பின்னால் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருப்பார்கள். மழை பெய்தால் மூட்டை கிழிந்து, நீலமும் சிவப்பும் கலந்து சாக்கடைக்கு ஒழுகும். நாம் போடுகிற பனியன்களின் மலம் அது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரே போட்டுக்கொள்ளும், கழுவத்தான் ஆள் கிடையாது. அந்தச் சேற்றை உலர்த்தி எரிக்கும் ஆலை ஒன்றை அவிநாசிக்கு வடக்கே வேலாங்காட்டுப்புதூரை ஒட்டி அமைக்க ஒரு கம்பெனி முன்வந்தது. ஆலை தேவை என்று நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

சிக்கல் ஒரு கிணறுதான். ஆலைக்கு வாங்கிய நிலத்தை ஒட்டிக் கதிர்வேல் என்பவரின் தென்னந்தோப்பு. அதில் பாறையை உடைத்து வெட்டிய கிணறு. சுற்றிலும் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான், இங்கே மட்டும் இனிப்பு. பக்கத்து லைன் வீடுகளில் இருந்தவர்கள் திருப்பூர் மண்ணரையில் இருக்கும் பனியன் கம்பெனிகளுக்கு வேனில் வேலைக்குப் போய் வருபவர்கள். குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் அந்தக் கிணற்றில்தான் மொண்டுகொள்வார்கள். கதிர்வேல் யாரையும் தடுத்ததில்லை. முன்னோட்டமாக நான் எடுத்துச் சோதித்த தண்ணீர், குழந்தைக்குக் கொதிக்க வைக்காமல் கொடுக்கலாம் என்கிற அளவுக்குச் சுத்தமாக இருந்தது. ஆலையின் வேலியை ஒட்டி அப்படி ஒரு குடிநீர்க் கிணறு இருக்கிறது என்று எழுதினால் மேலே இருக்கும் குழு இடத்தையே நிராகரித்துவிடும்.

கம்பெனி மேலாளர் செல்வக்குமார் என் அலுவலகத்துக்கு வந்தார். வரைவு அறிக்கையை எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "ரெண்டு நம்பரை மாத்திப் போட்டுட்டா யாருங்க வந்து பாக்கப் போறாங்க?" என்றார். முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அவர் தொட்ட பக்கங்களைத் திரும்ப அச்செடுத்தேன்.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் தெளிவானது. எண்ணை மாற்றினால் அது பொய். தண்ணீர் மாறினால் எண் தானாக மாறும், அதில் பொய் கிடையாது.

எங்கள் பக்கத்தில் கோடை முற்றினால் தோட்டக்காரர்கள் லாரித் தண்ணீர் வாங்கித் தங்கள் கிணற்றிலேயே ஊற்றி, அங்கிருந்து மோட்டார் போட்டுத் தென்னைக்குப் பாய்ச்சுவார்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். இங்கே அது வழக்கம். கிணற்று மேட்டில் லாரி நின்றால் எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். அந்த வருடம் கதிர்வேலின் மரங்கள் குருத்து காய ஆரம்பித்திருந்தன. கம்பெனியின் நல்லெண்ணமாகத் தண்ணீர் அனுப்பி வைக்கிறோம் என்று அவரிடம் நான்தான் சொன்னேன். செல்வக்குமாருக்கும் அவ்வளவுதான் தெரியும். லாரிக்குள் இருந்தது என் யோசனை. அதை இன்னொருவர் தலையில் கட்ட நான் விரும்பவில்லை.

பனியன் தொழில் என்றால் பட்டன், ஜிப் எல்லாம் உண்டு. அவற்றுக்கு முலாம் பூசும் பட்டறைகள் இருக்கின்றன. அப்படி ஒரு பட்டறையின் உலோக விஷம் கரைந்த கழிவைச் சாதாரணத் தண்ணீரோடு கலந்து அனுப்பினேன். நிறம் தெரியாது, நாக்கிலும் தெரியாது. லாரி ஓட்டியவர் சிவராஜ். முதல் நடையிலேயே கையைச் சொறிந்துகொண்டு வந்து, "சார், அது குடிக்கிற கெணறுங்களே," என்றார். சீக்கிரமே குடிப்பதை நிறுத்தச் சொல்லிவிடுவோம் என்றேன். அவர் நம்பினார். நானும் நம்பித்தான் சொன்னேன்.

பட்டப்பகலில்தான் ஊற்றினோம். கதிர்வேல் கிணற்று மேட்டில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "நெம்ப சந்தோசமுங்க. இந்தக் காலத்துல தண்ணியக் குடுக்க யாருக்குங்க மனசு வருது?" என்று சொல்லி, சிவராஜுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். எனக்கும் நீட்டினார். அரிவாளில் துரு இருந்தது. வேண்டாம் என்றேன்.

ஒரு பருவம் முழுக்க மாதிரி எடுக்க வேண்டும் என்பது விதி. அதனால் லாரியும் பருவம் முழுக்கப் போனது. ஒவ்வொரு முறையும் நானே வாளி இறக்கி மாதிரி எடுத்தேன், முத்திரை வைத்தேன், நல்ல ஆய்வகத்துக்கு அனுப்பினேன். வந்த எண்களை அப்படியே எழுதினேன். இப்பகுதி நிலத்தடி நீர் ஏற்கெனவே குடிக்கத் தகுதியற்றது, ஆலையால் புதிதாகக் கெடுவதற்கு ஒன்றும் இல்லை என்பது முடிவு. தமிழ்ச் சுருக்கத்தில் கதிர்வேல் தோட்டக் கிணற்றைக் குறிப்பிட்டு, இந்த நீரைக் குடிக்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் போடச் சொன்னேன். அச்சகத்துக்காரர் மறந்திருந்தார். திரும்ப அடிக்க வைத்தேன். கேட்டுப் பாருங்கள்.

இங்கேதான் என் கணக்கு தப்பியது. தண்ணீர் கெட்டது என்று படித்தால் ஒரு மனிதன் என்ன செய்வான்? குடிப்பதை நிறுத்துவான். வேலாங்காட்டுப்புதூர்க்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. கம்பெனி காசு கொடுத்து எழுதிய அறிக்கை, அதில் எல்லாமே பொய்யாகத்தான் இருக்கும், கிணற்றைக் கெட்டது என்று காட்டினால்தானே சேற்றைக் கொண்டுவந்து கொட்ட முடியும் என்று பேசிக்கொண்டார்கள். அதுவரை கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்த வீடுகள்கூட அதை நிறுத்திவிட்டுக் கிணற்றுக்கு வந்தன. வருகிற விருந்தாளிக்கெல்லாம் ஒரு சொம்பு கொடுத்து, எப்படியிருக்கிறது என்று கேட்டு வீம்பு காட்டினார்கள். அறிவு என்று ஒன்று இருப்பதையே அவமானப்படுத்துகிற மாதிரி இருந்தது எனக்கு.

கூட்டத்தன்று மண்டப வாசலில் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் நீர்மோர் கரைத்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். உங்கள் துறைக் காவலர்களும் வாங்கிக் குடித்தார்கள். உள்ளே வியர்வை நாற்றம். கம்பெனி ஆதரவாகக் கூட்டி வந்திருந்த ஆட்கள் பின்வரிசையில் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். எதற்குக் கை தூக்குகிறோம் என்று தெரியாமலே தூக்கினார்கள். மோர் குடித்தவர்களும் சரி, பொட்டலம் தின்றவர்களும் சரி, அந்த அறிக்கையைப் படித்தவர் ஒருவர்கூட இல்லை.

ஒருவர் மட்டும் படித்திருந்தார். பெயர் மெஹ்ஜபின். லைன் வீட்டில் இருப்பவர், பனியன் கம்பெனியில் துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. இடுப்பில் மகளைத் தூக்கிக்கொண்டு மைக் முன்னால் வந்தார். சுருக்கத்தில் எந்தப் பக்கத்தில் கிணறு வருகிறது என்று சொல்லிவிட்டு, ஒரு பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"ஏனுங்க சார், இது அந்தக் கெணத்துத் தண்ணிதானுங்க. விசம்னு எழுதிப் போட்டிருக்கீங்க. நான் தெனமும் குடிக்கறேன், எம் புள்ளையும் குடிக்குது. உங்க அறிக்கை பொய்யுங்க. பொய்யில்லீன்னா நீங்க எதுக்குங்க இத்தன நாளா வந்து எங்களுக்குச் சொல்லுல?"

பிறகு எல்லோர் முன்னாலும் பாட்டிலைத் திறந்து குடித்தார். மகளின் வாயில் வைத்து, "குடி கண்ணு," என்றார். அந்தக் குழந்தையின் பெயர் மஹ்னூர். மடக்மடக்கென்று குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டது. மண்டபம் முழுக்கக் கைதட்டல். மிச்சத்தை என்னிடம் நீட்டினார். அறிக்கைப்படி அது குடிக்கத் தகுதியற்ற நீர், அதனால் நான் குடிக்க மாட்டேன் என்று சொன்னேன். சிரித்தார்கள். கருத்துகளைத் தொகுத்தபோது, நீர் நன்றாக இருப்பதாக ஒருவர் தெரிவித்தார் என்று ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சேர்த்தேன்.

அனுமதி வருவதற்கு முன் மெஹ்ஜபின் என் அலுவலகத்துக்கு வந்தார். ஷிப்டுக்கு நடுவில் வந்திருப்பார் போல, துப்பட்டாவெல்லாம் பஞ்சுத் தூசி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மகளுக்கு முகமும் காலும் வீங்குகிறதாம், சாப்பிட்டதெல்லாம் வாந்தியாம். ஜுரமாக இருக்கும் என்று டாக்டர் மாத்திரை கொடுத்தாராம்.

"கூட்டத்துல அப்படிப் பேசிட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க. அறிக்கை காசுக்கு எழுதுனதுன்னு ஊரே சொல்லுதுங்க, எம் ஊட்டுக்காரரும் அதையேதான் சொல்றாரு. நீங்க உங்க வாயால சொல்லுங்க சார். அந்தத் தண்ணி நெசமாலுமே கெட்டதுங்ளா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, எப்போதிருந்து என்பதாகத்தான் இருக்கும். மெஹ்ஜபின் கேட்கக்கூடியவர். அதோடு, அறிக்கை மேலே பரிசீலனையில் இருக்கும்போது அதைப் பற்றி நேரில் பேசுவது தொழில் முறையும் அல்ல. அறிக்கையில் இருப்பதுதான் என் பதில், திரும்பவும் படித்துப் பாருங்கள் என்றேன். "அப்ப பொய்தானுங்க," என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அவர் போன பிறகு தரையில் விழுந்திருந்த பஞ்சைப் பெருக்கச் சொன்னேன்.

ஆலைக்கு அனுமதி கிடைத்தது. தண்ணீர் கெட்டிருப்பதால் கம்பெனி ஊருக்குக் கேன் தண்ணீர் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போட்டார்கள். என் அறிக்கையால் வந்த நிபந்தனை அது. கேன்களை ஊர்க்காரர்கள் ரோட்டில் உருட்டிவிட்டார்கள். மழைக்குப் பிறகு மஹ்னூரைக் கோயம்புத்தூருக்குக் கொண்டு போனார்கள், சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள். அங்கேயே இறந்துபோனாள். அதன்பின் லைன் வீடுகளில் இன்னும் இருவர். சிவராஜ் கடைசி ஆளின் அடக்கத்துக்குப் போய்விட்டு நேரே உங்களிடம் வந்திருக்கிறார். இங்கே வராந்தாவில் அவரைப் பார்த்தேன். மூக்கைச் சிந்திச் சுவரில் துடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். என்னால் பார்க்க முடியவில்லை.

அந்தக் குழந்தையின் அம்மாவிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கடைசியாகக் கேட்டீர்கள். கிணற்றில் கழிவை ஊற்ற வைத்தது நான். அது குடிக்கிற கிணறு என்று எனக்குத் தெரியும். அவர் வந்து கேட்டபோது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திருக்கலாம் என்பதும் தெரியும். எதையும் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் ஆய்வகம் போன வாரம் அதே கிணற்றில் மாதிரி எடுத்திருக்கிறது. என் எண்களைத்தான் அவர்களும் எழுதியிருக்கிறார்கள். அறிக்கை சரி என்பது இப்போது நிரூபணமாகிவிட்டது. மெஹ்ஜபினிடம் இதைச் சொல்லுங்கள், மேடம். ஊர் கூடியிருந்த இடத்தில் என்னைப் பொய்யன் என்று சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. மன்னித்துவிட்டேன்.